அப்பாரு உழாமல் விட்ட நாலு ஏக்கர்

போன ஐப்பசியில் எங்கள் பக்கம் நல்ல மழை. மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் ஐப்பசி மழை சரியாக விழுந்துவிட்டால் கொறங்காட்டைப் பார்க்க இரண்டு கண் போதாது. கொழுக்கட்டைப்புல் முழங்காலுக்கு மேலே நிற்கும். செம்மறிகள் தலை தூக்காமல் மேயும். அந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பா மகன் வேலிப்படல் ஓரமாக வந்து நின்றான்.

"ஏனுங்ண்ணா, இதெ இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சும்மா போட்டு வெச்சிருக்கறது? உழுது முருங்கை நட்டா எட்டு மாசத்துல காய் வந்துருமுங்க. புள்ளைக்குக் காலேஜ் பணம் கட்டோணும்."

அவன் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. நிலம் பொதுவில் இருக்கிறது. அவன் பங்கும் அதில் பாதி.

கொறங்காடு என்றால் என்ன என்று பட்டணத்து நண்பர்கள் கேட்பீர்கள். காங்கேயம் மாடு தெரியும் அல்லவா, அது வளர்ந்த இடம். மழை குறைந்த, சரளைக்கல் கலந்த செம்மண் பூமி. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரை முழுக்கப் புல். மாடும் ஆடும் மேயும். ஏர் மட்டும் அதிகம் இறங்காது. அப்பாரு காலத்தில் எங்களுக்கு இப்படி எட்டு ஏக்கர் இருந்தது. கிணற்றுக்குக் கரண்ட் வந்த பிறகு அப்பாவும் சித்தப்பாவும் அதில் நாலு ஏக்கரை உழுதார்கள். முதல் நாலைந்து வருஷம் எருவே போடாமல் விளைந்தது என்று அப்பா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். அதற்கப்புறம் மூட்டை மூட்டையாக உரம் போட்டால்தான் பயிர் பச்சை காட்டும் என்று ஆகிவிட்டது.

தம்பி கேட்டதும் இரண்டு இடத்திலும் மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். அட்டை வந்தது. உழுத நாலு ஏக்கரில் 'அங்ககக் கரிமம்' என்ற வரிசையில் 'குறைவு'. கொறங்காட்டில் 'நடுத்தரம்'. நூறு கிலோ மண்ணில் அரைக் கிலோவுக்குக் கீழே கரிமம் இருந்தால் குறைவு, முக்கால் கிலோவைத் தாண்டினால் அதிகம். இதுதான் அந்தக் கணக்கு.

நடுவில் வெறும் ஒரு வேலி. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மண், ஒரே மழை. அப்படியானால் உழுத காட்டில் இருந்த கரிமம் எங்கே போனது? முதலில் அது எங்கேயிருந்து வந்தது? இந்த இரண்டு கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாசமாகப் படித்தேன். கதை ஏறக்குறைய 400 வருஷம் பின்னால் போகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொட்டியில் வளர்ந்த மரம்

இப்போது பெல்ஜியம் என்று சொல்கிற நாட்டில், புருஸ்ஸெல்ஸ் பக்கம், யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்று ஒரு வைத்தியர் இருந்தார். 1644-ல் இறந்தவர். மரம் எதைத் தின்று வளர்கிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். மண்ணைத் தின்றுதான் வளர்கிறது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. நம்ம ஊரிலும் இன்றைக்குப் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் அப்படித்தான் சொல்வார்கள்.

அவர் என்ன செய்தார் பாருங்கள். மண்ணை நன்றாகக் காயவைத்து 200 பவுண்டு எடை போட்டு ஒரு தொட்டியில் நிரப்பினார். அதில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டார். ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிறகு மரத்தைப் பிடுங்கி எடை போட்டார்: 169 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. மண்ணை மறுபடி காயவைத்து எடை போட்டார். குறைந்தது வெறும் 2 அவுன்ஸ்தான். நம் கணக்கில் 60 கிராமுக்கும் கீழே.

சரி, மண்ணிலிருந்து வரவில்லை. தண்ணீர் மட்டும்தானே ஊற்றினோம், ஆகவே மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்துதான் வந்தது என்று முடிவு கட்டிவிட்டார். அவர் இறந்த பிறகு 1648-ல் மகன் வெளியிட்ட புத்தகத்தில் இந்தச் சோதனை இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. இதே மனுஷன்தான் 'கேஸ்' என்ற சொல்லையே உண்டாக்கியவர். 62 பவுண்டு கரியை எரித்து, மிஞ்சிய சாம்பல் ஒரே பவுண்டு என்று பார்த்து, மீதி 61 பவுண்டும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாகப் பறந்துவிட்டது என்று எழுதினார். அதற்கு ஒரு பெயரும் வைத்தார். இன்றைக்கு நாம் கரியமில வாயு என்று சொல்வது அதுதான். மரம் எரிந்தால் காற்றாகப் போகிறது என்று கண்டவருக்கு, காற்றுதான் மரமாக வந்தது என்று தோன்றவில்லை. இரண்டு விடையும் ஒரே ஆள் கையில் இருந்தது, சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

காற்றைத் தின்னும் இலை

அதைச் சேர்த்துப் பார்க்க இன்னும் 150 வருஷம் ஆனது. ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்பவர் 1750-களில் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஒரு காற்று கட்டுண்டு கிடக்கிறது என்றும், சூடு பண்ணினால் அது வெளியே வருகிறது என்றும் கண்டார். நம்ம மூச்சில் வெளியே போவதும் அதே காற்று. 1771-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மூடிய கண்ணாடிக்குள் மெழுகுவர்த்தி எரித்துக் கெட்டுப்போன காற்றில் ஒரு புதினாத் தண்டை வைத்தார். சில நாளில் அந்தக் காற்றில் மறுபடி மெழுகுவர்த்தி எரிந்தது. செடி காற்றைச் சரிசெய்கிறது என்று தெரிந்தது. ஆனால் சில நாள் நடக்கும், சில நாள் நடக்காது.

ஏன் என்று 1779-ல் சொன்னவர் யான் இங்கன்ஹவுஸ், டச்சுக்காரர், ஆஸ்திரிய அரச குடும்பத்துக்கு வைத்தியர். வெயில் வேண்டும், அதுவும் செடியின் பச்சைப் பாகத்துக்குத்தான் அந்த வேலை தெரியும், இருட்டில் செடியும் நம்மைப் போலக் காற்றைக் கெடுக்கத்தான் செய்கிறது என்றார். ஜெனீவாவில் ழான் செனெபியே, கரியமில வாயு இருந்தால்தான் இலை வேலை செய்யும் என்று 1782-ல் எழுதினார். அதே ஊர்க்காரர் நிக்கொலா தியோடோர் டி சொசூர் 1804-ல் எல்லாவற்றையும் எடை போட்டுக் கணக்கு முடித்தார். செடி கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது, அதிலுள்ள கரிமம் செடியின் உடம்பாகிறது, கூடவே தண்ணீரும் உடம்பில் சேர்கிறது என்று.

ஆகவே வான் ஹெல்மான்ட் சொன்னது முழுத் தப்பும் இல்லை. மரத்தில் தண்ணீரின் பங்கு உண்டு. ஆனால் காய்ந்த மரத்தை எடுத்தால் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம், அது காற்றிலிருந்து வந்தது. மண்ணிலிருந்து போன அந்த 2 அவுன்ஸ்தான் அடுப்பில் மிஞ்சுகிற சாம்பல்.

இதைப் படித்த அன்றைக்குக் காலையில் வெள்வேல மரத்தடியில் ரொம்ப நேரம் நின்றேன். பத்தாயிரம் பங்கு காற்றில் நாலு பங்குதான் கரியமில வாயு. அந்த நாலு பங்கைச் சலித்து எடுத்துத்தான் இவ்வளவு பெரிய மரம். அப்பாரு அதற்கு ஒரு கூடை எரு கூடக் கொட்டியதில்லை.

மக்கா, உப்பா?

இங்கேதான் விவசாயிக்கு முக்கியமான சண்டை ஆரம்பிக்கிறது. ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் தேயர் என்ற பெரிய வேளாண் ஆசிரியர் இருந்தார். மண்ணில் கறுப்பாக இருக்கிற மக்குதான் பயிருக்குச் சாப்பாடு, வேர் அதை உறிஞ்சித்தான் வளர்கிறது என்பது அவர் கட்சி. கண்ணால் பார்த்தால் அப்படித்தானே தெரியும்? மக்கு உள்ள மண்ணில் பயிர் நன்றாக வருகிறது.

பிரான்ஸில் ழான் பாப்டிஸ்ட் பூசங்கோ என்பவர் 1830-களில் அல்சேஸ் பகுதியில் தன் பண்ணையிலேயே கணக்குப் போட்டார். வயலுக்குப் போன எருவில் எத்தனை கரிமம், அறுத்துக்கொண்டு வந்த விளைச்சலில் எத்தனை கரிமம்? விளைச்சலில் அதிகம் இருந்தது. வரவைவிடச் செலவு கூடுதல் என்றால் இன்னொரு வரவு எங்கேயோ இருக்க வேண்டும். அது காற்று.

1840-ல் யுஸ்டஸ் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஒரு புத்தகம் போட்டு மக்குக் கட்சியை ஒரேயடியாகச் சாய்த்தார். கரிமம் காற்றிலிருந்து இலவசமாக வருகிறது, மண்ணிலிருந்து பயிர் எடுப்பது உப்புகளைத்தான், எடுத்த உப்பைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்பது சாரம். உர மூட்டையின் மேல் இன்றைக்கு நாம் பார்க்கிற மூன்று எண்ணுக்கு வேர் இங்கேதான். நாமும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மூன்றுக்கும் அழகாகப் பெயர் வைத்துக்கொண்டோம். கரிமத்துக்கு மூட்டையில் எண் இல்லை. இலவசமாக வருவதற்கு யார் எண் போடுவார்கள்?

லீபிக் சொன்னது சரிதான். பயிருக்கு வேண்டிய கரிமம் காற்றில்தான் இருக்கிறது. ஆனால் மண்ணுக்குக் கரிமம் வேண்டாமா என்பது வேறு கேள்வி. மண்ணுக்குள் இருக்கிற கோடானுகோடி நுண்ணுயிர், மண்புழு, கரையான் எல்லாம் இலை வைத்துக்கொண்டு பிறக்கவில்லை. அவை செத்த வேரையும் சருகையும் சாணியையும் தின்றுதான் வாழ்கின்றன. மண்ணை உதிரியாகக் கட்டி வைப்பதும், மழைத்தண்ணீரைப் பிடித்து வைப்பதும் அவை தின்று மிஞ்சிய அந்தக் கறுப்புப் பொருள்தான். மக்கைப் பயிர் நேரடியாகத் தின்பதில்லை. மக்கை மண் தின்கிறது, பயிர் அந்த மண்ணில் நிற்கிறது. சண்டையில் ஜெயித்த கட்சிக்காரர்கள் இந்த வித்தியாசத்தை ரொம்ப நாள் மறந்துபோனார்கள்.

நூற்றெண்பது வருஷத்து வயல்

வாயால் சண்டை போட்டது போதும், வயலில் பார்க்கலாம் என்று இங்கிலாந்தில் இரண்டு பேர் இறங்கினார்கள். ஜான் லாஸ் என்ற நிலக்கிழார், ஜோசப் கில்பர்ட் என்ற வேதியியலாளர். இடம் ரோதம்ஸ்டெட், லண்டனுக்கு வடக்கே. 1843-ல் பிராட்பால்க் என்ற வயலில் கோதுமை விதைத்தார்கள். ஒரு பட்டையில் ஒன்றும் போடவில்லை. ஒன்றில் தொழுவுரம் மட்டும். மற்றவற்றில் உப்பு உரங்கள், விதவிதமான கலவையில். லாஸும் கில்பர்ட்டும் போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. அந்தச் சோதனை இன்றைக்கும் நடக்கிறது. அன்றைக்கு எடுத்த மண்ணையும் தானியத்தையும் போத்தலில் அடைத்து இன்னும் வைத்திருக்கிறார்கள்.

விளைச்சலைப் பார்த்தால் உப்பு உரம் போட்ட பட்டை தொழுவுரப் பட்டைக்கு ஈடு கொடுத்தது. உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும். ஆனால் மண்ணின் கரிமத்தைப் பார்த்தால் கதை வேறு. ஒன்றும் போடாத பட்டையில் குறைந்த அளவிலேயே நின்றுவிட்டது. உப்பு உரம் போட்டதில் அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், அதுவும் பயிர் நன்றாக வளர்ந்து வேரும் தாளும் அதிகம் விழுந்ததால். தொழுவுரப் பட்டையில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

அந்த ஏற்றத்துக்கு என்ன விலை என்று பாருங்கள். எக்டேருக்கு 35 டன் தொழுவுரம், அதாவது ஏக்கருக்கு 14 டன். வருஷா வருஷம். அதுவும் முதல் சில பத்து வருஷத்தில் வேகமாக ஏறி, பிறகு ஏற்றம் மெதுவாகி, ஏறக்குறைய நின்றுவிட்டது. எவ்வளவு கொட்டினாலும் மண்ணில் ஒரு அளவுக்கு மேல் தங்காது. வரவுக்கும் செலவுக்கும் சரியாகிவிடும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது பக்கத்து வயல் கதை. ஹூஸ்ஃபீல்ட் என்று பெயர், பார்லி போட்டார்கள். 1852-லிருந்து 1871 வரை, இருபது வருஷம், ஒரு பட்டையில் தொழுவுரம் போட்டுவிட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு கூடை கூடப் போடவில்லை. நூறு வருஷம் கழித்து மண்ணைச் சோதித்தால், எருவே காணாத பட்டையைவிட அதில் கரிமம் இன்னமும் கூடுதல். 1871-ல் எரு இறைத்தவர்களின் பேரனுக்குப் பேரன் காலத்திலும் அது மண்ணில் தெரிகிறது.

மூன்றாவது கதை எங்கள் கொறங்காட்டுக் கதை மாதிரியே இருக்கும். 1882-ல் பிராட்பால்க் வயலின் ஒரு ஓரத்தில், ஏறக்குறைய அரை ஏக்கர், விளைந்த கோதுமையை அறுக்காமல் வேலி கட்டி விட்டுவிட்டார்கள். தானே விழுந்து தானே முளைக்கட்டும், களையோடு போட்டி போடட்டும் என்று. நாலு வருஷத்தில் கோதுமை ஏறக்குறைய இல்லாமல் போனது. புல் வந்தது, புதர் வந்தது, மரம் வந்தது. இன்றைக்கு அங்கே பெரிய காடு. யாரும் எரு போடவில்லை, உழவில்லை. மேல்மண்ணில் கரிமம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. சும்மா கிடந்த நிலம் சும்மா இருக்கவில்லை.

இதற்குத் தலைகீழும் அங்கேயே பார்த்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் புல்லாகவே கிடந்த நிலத்தை 1949-லிருந்து ஒரு பகுதி உழுது பயிர் வைத்தார்கள். கரிமம் சரசரவென்று இறங்கியது. முதல் வருஷங்களில்தான் இறக்கம் வேகம். உழுத நிலத்தைத் திருப்பிப் புல்லுக்கு விட்டால் ஏறுவதற்குப் பல பத்து வருஷம் ஆகிறது. படியில் ஏறி, கிணற்றில் விழுவது மாதிரி.

அப்பா சொன்ன 'எரு போடாமலே விளைஞ்ச' அந்த நாலைந்து வருஷம் இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. கலப்பை இறங்கியதும் கட்டி உடைகிறது, உள்ளே மூடிக் கிடந்த மக்குக்குக் காற்று போகிறது, நுண்ணுயிர் அதைத் தின்று தீர்க்கிறது. கரிமம் கரியமில வாயுவாக மேலே போகும். மக்கோடு கட்டுண்டிருந்த தழைச்சத்து பயிருக்குக் கிடைக்கும். பயிர் கொழித்து நிற்கும். நாங்கள் விளைச்சல் என்று நினைத்துச் சாப்பிட்டது, அப்பாரும் அவருக்கு முந்தியவர்களும் சேர்த்து வைத்த முதல்.

போட்டதில் எவ்வளவு நிற்கும்?

ரோதம்ஸ்டெட்டில் டேவிட் ஜென்கின்சன் என்று ஒரு மண் விஞ்ஞானி இருந்தார். கதிரியக்கக் கரிமத்தில் புல்லை வளர்த்து, அந்த அடையாளம் போட்ட புல்லை மண்ணில் கலந்து, எவ்வளவு மிஞ்சுகிறது என்று வருஷக்கணக்கில் பார்த்தார். ஒரு வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு காற்றோடு போய்விட்டது. ஐந்து வருஷம் கழித்து மிச்சம் ஐந்தில் ஒரு பங்கு. அந்த மிச்சம் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டும் கட்டிக்குள் புதைந்துகொண்டும் பல காலம் கிடக்கும். அதுதான் மண்ணின் சேமிப்பு.

அவரே அதே மாதிரிச் சோதனையை ஆப்பிரிக்காவில் நைஜீரியாவிலும் செய்து 1977-ல் எழுதினார். அங்கே மக்கும் பாதை அதேதான், ஆனால் வேகம் நாலு மடங்கு. இங்கிலாந்தில் நாலு வருஷத்தில் போவது அங்கே ஒரே வருஷத்தில் போய்விடுகிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் நுண்ணுயிருக்குத் தீபாவளி.

நம்ம ஊர் நைஜீரியா அளவுக்கு ஈரம் இல்லை. ஆனால் மழை விழுந்து வெயிலும் அடிக்கிற நாட்களில் நம்ம மண்ணும் அப்படித்தான் எரிகிறது. போன வருஷம்தானே இவ்வளவு எரு போட்டோம், எங்கே போனது என்று நம்ம ஆட்கள் கேட்பதற்குப் பதில் இதுதான். ஆகவே ஒரு தடவை போட்டால் போதும் என்று சொல்கிற யாரையும் நம்பாதீர்கள். சூட்டு நாட்டு மண்ணுக்கு வருஷா வருஷம் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் செலவு ஆகாத மாதிரி மூடியாவது வைக்க வேண்டும்.

இதை வெள்ளைக்காரன் வந்துதான் சொல்ல வேண்டும் என்று இல்லை. ஏரி வண்டல் அடித்தவர்களுக்கும், கொழிஞ்சியும் ஆவாரந்தழையும் மிதித்தவர்களுக்கும், கோடையில் வெறுங்காட்டில் ஆட்டுப்பட்டி போட்டவர்களுக்கும் இது தெரிந்த விஷயம். கரிமம் என்ற சொல் தெரியாது, அவ்வளவுதான். 1889-ல் ஜான் அகஸ்டஸ் வோல்கர் என்ற வேதியியலாளரை இந்திய விவசாயத்தைப் பார்த்துவரச் சொல்லி அனுப்பினார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு 1893-ல் அறிக்கை கொடுத்தார். இந்திய விவசாயிக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பது தப்பு என்று எழுதினார். எருவை ஏன் எரிக்கிறான்? விறகு இல்லாததால் எரிக்கிறான். விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்த்துக் கொடுங்கள், சாணி தானாக வயலுக்குப் போகும் என்றார். அடுப்பில் எரிந்தாலும் கரிமம் காற்றுக்குத்தான் போகிறது, மண்ணில் மக்கினாலும் பெரும்பங்கு காற்றுக்குத்தான் போகிறது. வித்தியாசம் என்னவென்றால், மண் வழியாகப் போனால் போகிற வழியில் ஆயிரம் உயிருக்குச் சோறு போட்டுவிட்டு, கொஞ்சத்தை மண்ணில் வைத்துவிட்டுப் போகிறது.

கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியிலும் 1909-ல் ஒரு நிரந்தர உரச் சோதனை வயல் தொடங்கினார்கள். ரோதம்ஸ்டெட் போலவே ஒன்றும் போடாத பாத்தி, உப்பு உரப் பாத்திகள், தொழுவுரப் பாத்தி. நூறு வருஷம் தாண்டி இன்னும் நடக்கிறது. அங்கேயும் கரிமத்தில் கடைசியில் நிற்பது ஒன்றும் போடாத பாத்தி. முன்னால் நிற்பது தொழுவுரம் கண்ட பாத்தி. எங்கள் ஊரிலிருந்து காலை பஸ்ஸில் போனால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிற தூரத்தில் இந்தப் பாடம் இருக்கிறது.

வேலிக்கு அந்தப் பக்கம்

இது எங்கள் நாலு ஏக்கரோடு முடிகிற சங்கதியும் இல்லை. பூமியில் மேல் ஒரு மீட்டர் மண்ணில் ஏறக்குறைய 1.5 லட்சம் கோடி டன் கரிமம் மக்காக இருக்கிறது. காற்றில் இருப்பது ஏறக்குறைய 88,000 கோடி டன். உலகத்துச் செடி, கொடி, மரம் எல்லாம் சேர்ந்து 45,000 கோடி டன். நாம் மரத்தைத்தான் பார்க்கிறோம், பெரிய கருவூலம் காலுக்குக் கீழே. கடல் இன்னும் பெரியது, அது தனிக் கதை.

இலைகள் வருஷத்துக்கு ஏறக்குறைய 12,000 கோடி டன் கரிமத்தைக் காற்றிலிருந்து இழுக்கின்றன. மூச்சிலும் மக்கலிலும் நெருப்பிலும் ஏறக்குறைய அதே அளவு திரும்பிப் போகிறது. 1958-ல் சார்லஸ் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றை அளக்க ஆரம்பித்தார். வடக்கு நாடுகளில் இலை துளிர்க்கும் மாதங்களில் கரியமில வாயு இறங்குகிறது, இலை உதிரும் மாதங்களில் ஏறுகிறது. பூமி மூச்சு விடுவது காகிதத்தில் கோடாக விழுந்தது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் கோடு கொஞ்சம் மேலே. அன்றைக்குப் பத்து லட்சத்துக்கு 315 பங்கு, இன்றைக்கு 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பதில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000 கோடி டன் கரிமம் புதிதாக மேலே போகிறது. இலை இழுப்பதோடு பார்த்தால் சின்னத் தொகைதான். ஆனால் அது சுற்றிவருகிற பணம் இல்லை, கோடிக்கணக்கான வருஷம் பூட்டி வைத்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் ஏறினால் தராசு சாயத்தானே செய்யும்?

எங்கள் கொறங்காட்டை உழாமல் விட்டால் உலகம் குளிர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கு அப்படி வராது. ஒரு ஏக்கர் மேல்மண், அரையடி ஆழத்துக்கு, ஏறக்குறைய 900 டன் எடை. அதில் நூற்றில் அரைப்பங்கு கரிமம் என்றால் நாலரை டன். அந்த நாலரை டன் போய்விட்டால் காற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அந்த ஏக்கருக்கு அதுதான் எல்லாம்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டான். முடிவில் ஒன்று கேட்டான்.

"எல்லாஞ் செரிதானுங்ண்ணா. மண்ணுல கரிமம் கெடக்குது. காலேஜ்ல பணந்தான கேக்கறாங்க?"

அதற்கு லீபிக்கிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். உழுத நாலு ஏக்கரில் என் பங்கு இரண்டு ஏக்கரையும் அவனே வைத்துக்கொள்ளட்டும், நாலிலும் முருங்கை நடட்டும், பத்து வருஷத்துக்கு எனக்கு வாரம் வேண்டாம் என்று சொன்னேன். பதிலுக்குக் கொறங்காட்டில் கலப்பை இறங்கக் கூடாது, மேய்ச்சல் என் பொறுப்பு. வீட்டில் என் சம்சாரத்துக்கு இதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. இரண்டு ஏக்கர் வருமானம் சும்மா போகிறது என்கிறாள். அவள் சொல்வதும் நிஜம். ஆட்டுக்குட்டி விற்கிற காசு அதை ஈடுகட்டாது.

தம்பி ஒத்துக்கொண்டான். கார்த்திகையில் குழி எடுத்தான். நட்ட பிறகு முருங்கைத் தழையையும் களையையும் எரிக்காமல் மரத்தடியிலேயே போடச் சொல்லியிருக்கிறேன். சித்திரையில் அவன் காட்டில் ஒரு மாசம் பட்டி போட ஆட்டுக்காரரிடம் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டேன். அது என் செலவு. அங்கே போன கரிமம் என் ஆயுசுக்குள் முழுசாகத் திரும்பி வராது. மூன்று வருஷம் கழித்து மறுபடி இரண்டு இடத்திலும் மண் எடுத்துக் கொடுப்பதாக இருக்கிறேன். அட்டை வந்ததும், ஏறியிருந்தாலும் ஏறாவிட்டாலும், இங்கே எழுதுகிறேன்.